எறும்பு மொய்த்த கம்பளம்

அத்தியாயம் 4

"தாசில்தாரைக் காணோம்" என்று அந்தப் பெண் சொன்னதும், ஆஷிக் அலி குடித்துக்கொண்டிருந்த டீயை மேசையில் வைத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டான்.

"எந்தத் தாலுகா தாசில்தார்?"

"ஐயோ, அது எங்க வீட்டு நாயோட பேரு. மாமா வச்ச பேரு." அவள் கழுத்து வியர்வையைச் சேலைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டாள். "நாயோட சேத்து மாமாவையும் காணோம்."

ஆஷிக் மறுபடி உட்கார்ந்தான். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜவுளிக்கடை மாடியில் இருந்த அந்த ஒற்றை அறைத் துப்பறியும் நிலையத்துக்கு, மாப்பிள்ளை குடிப்பாரா என்று விசாரிக்கச் சொல்லித்தான் ஆட்கள் வருவார்கள். ஆள் காணாமல் போன கேஸ் அபூர்வம். முதலாளி சண்முகசுந்தரி ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்துக்கொடுத்தே மேலதிகாரிகளிடம் கெட்ட பெயர் வாங்கி, வேலையை உதறிவிட்டு வந்து இந்தக் கடையைத் திறந்தவள். ஆஷிக் அவளுக்கு டிரைவர், போட்டோகிராபர், உதவியாளர். வாயை மட்டும் சம்பளம் இல்லாமலே ஓட்டுவான்.

சண்முகசுந்தரி உட்காரவில்லை. காலையிலிருந்தே கரண்ட் இல்லை. மழை வருகிற மாதிரி வானம் மூடுவதும் வெயில் பிளந்துகொண்டு வருவதுமாக இருந்தது. அவள் ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையில் நடந்துகொண்டே கேட்டாள்.

"உங்க பேரு?"

"பிரேமலதா. வீட்டுக்காரரு விஜய்சங்கர், மஸ்கட்ல இருக்காரு. வீட்ல நானும் மாமாவும்தான். மாமா பேரு தில்லைநாயகம். தாலுகா ஆபீஸ்ல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனாவ. நேத்து விடியக்காலம் நாயைக் கூட்டிட்டு நடக்கப் போனாவ. திரும்பல. போனையும் வச்சுட்டுப் போயிட்டாவ."

"போலீஸ்?"

"எழுதிக் குடுத்தாச்சு. பெரியவரு கோயில் குளம்னு போயிருப்பாரு, வந்துருவாருங்காவ."

"வீட்ல சண்டையா?"

பிரேமலதா ஒரு விநாடி தயங்கினாள். அந்தத் தயக்கத்தை ஆஷிக் மனசுக்குள் குறித்துக்கொண்டான்.

"சண்டைனு இல்ல. நாய் ஹால்ல கம்பளத்துல மூத்திரம் போயிருது. அவரு ஆசையா மஸ்கட்ல இருந்து கொண்டுவந்த கம்பளம். நானும் வினிகர் ஊத்தி, சோடா உப்புப் போட்டு, பினாயில் போட்டு எல்லாம் பாத்துட்டேன். நாத்தம் போகல. நாயை எங்கயாச்சும் தள்ளி விடுன்னு அவரு வீடியோ கால்ல கத்துனாரு. குருவிகுளம் பக்கம் சுடலைராஜ்னு ஒருத்தரு ஆடு வளக்காரு. பட்டிக் காவலுக்கு நாய் வேணும்னு கேட்டுட்டே இருந்தாரு. நேத்து வந்து கூட்டிட்டுப் போறேன்னாரு."

"வந்தாரா?"

"வரல. எனக்கிருந்த பதட்டத்துல நானும் கேக்கல."

சண்முகசுந்தரியின் நடை நின்றது. "ஆஷிக், வேனை எடு. வீட்டைப் பாப்போம்."

வீடு தெற்கு ரத வீதிக்குப் பின்னால் ஒரு குறுகிய தெருவில் இருந்தது. கரண்ட் வந்துவிட்டிருந்தது. பக்கத்துத் தெருவிலிருந்து விசைத்தறிகளின் தடதடப்பு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் மனிதன் நிம்மதியாக எப்படி யோசிப்பான் என்று ஆஷிக்குக்குப் புரியவில்லை. போதாததற்கு பிரேமலதாவின் போன் வேறு மஸ்கட்டிலிருந்து அடித்துக்கொண்டே இருந்தது.

கேட்டுக்குள் நுழைந்ததுமே சண்முகசுந்தரி குனிந்தாள். கேட் தூணில், தென்னை மரத்தடியில், ஸ்கூட்டர் சக்கரத்தில் என்று முழங்கால் உயரத்துக்கு மஞ்சள் வழிந்து காய்ந்திருந்தது.

"கடுவன் நாயா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"தாசில்தார் எல்லா எடத்துலயும் முத்திரை குத்தியிருக்காரு" என்றான் ஆஷிக்.

ஹாலில் அந்தக் கம்பளம் சிவப்பும் நீலமுமாக, சுவருக்குச் சுவர் விரிந்து கிடந்தது. பினாயிலும் புளிப்பும் கலந்த ஒரு வாடை மூக்கில் ஏறியது. டிவிக்கு எதிரே ஒரு சாய்வு நாற்காலி. அதன் முன்னால் கம்பளத்தின் நிறம் வெளுத்து, நூல் சிலிர்த்துக்கொண்டு நின்றது.

"இங்கன சுடுதண்ணி ஊத்துனீங்களா?"

"வேகுற தண்ணியே ஊத்துனேன்."

"அதான் தப்பு. சுடுதண்ணி பட்டா கறை நூலோட வெந்து ஒட்டிக்கிடும். பச்சத் தண்ணியில துணியை நனச்சு ஒத்தித்தான் எடுக்கணும், தேய்க்கவே கூடாது."

ஆஷிக் அவள் காதருகே வந்தான். "யக்கா, ஒரு நாய் மூத்திரத்துக்கா இம்புட்டு பாடு? வினிகர், சோடா, பினாயில், வெந்நீர். மனுசன் ரத்தத்தைத்தான் இப்படிப் போட்டுக் கழுவுவான். அந்தப் பொண்ணு எதையோ மறைக்குது."

"மறைக்கிறது உண்மை" என்றாள் சண்முகசுந்தரி மெதுவாக. "என்னத்தைங்கிறதுதான் கேள்வி. கள்ளநோட்டு பாக்குற அந்த ஊதா டார்ச்சை எடு. ஜன்னலை எல்லாம் சாத்து."

பட்டப்பகலில் ஹால் இருட்டானது. ஆஷிக் ஊதா வெளிச்சத்தைக் கம்பளத்தின் மேல் அடித்தான். பழைய கறைகள் பச்சை மஞ்சளாகப் பூத்துக்கொண்டு எழுந்தன. நாற்காலிக்கு முன்னால் பெரிய பெரிய வட்டங்கள். ஆனால் சோபா கால்களில் ஒரு சொட்டு இல்லை. டீப்பாய் கால்களில் இல்லை. திரைச்சீலை ஓரத்தில் இல்லை.

"வெளிய நட்டமா நிக்கிறதை எல்லாம் நனச்ச நாய், உள்ள வந்ததும் ஏன் நடுக் கம்பளத்துல போகுது?" என்றாள் சண்முகசுந்தரி. "அப்படியே இதையும் பாரு."

வட்டங்களிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒரு தடம் கிளம்பியது. ஒன்றல்ல, ஒன்றன் மேல் ஒன்றாகப் பல தடங்கள். எல்லாம் ஒரே பக்கம் போயின. ஆஷிக் டார்ச்சை நகர்த்திக்கொண்டே போனான். தடம் கம்பளத்தைக் கடந்து, ஒரு கதவுக்கு முன்னால் போய் முடிந்தது.

அது பாத்ரூம் கதவு.

ஆஷிக் வாயைத் திறந்தான். கிண்டல் எதுவும் வரவில்லை. "எந்த நாய் யக்கா அவசரத்துக்கு பாத்ரூமைத் தேடி ஓடும்?"

சண்முகசுந்தரி ஜன்னலைத் திறந்துவிட்டு நாற்காலியருகே மண்டியிட்டாள். ஒரு கறையின் மேல் கறுப்பாக ஏதோ நெளிந்தது. பிள்ளையார் எறும்புகள். சாரை சாரையாக வந்து அந்த ஒரு வட்டத்தையே மொய்த்துக்கொண்டிருந்தன.

"இது எப்ப உள்ள கறை?"

"முந்தாநா ராத்திரி" என்றாள் வாசலில் நின்ற பிரேமலதா. "இதை மட்டும் கழுவல. மனசு ஓடல."

"உங்க மாமாவுக்கு சுகர் இருக்கா?"

"ஊசின்னாலே பயம். ரத்தம் பாக்க விட்டதே இல்ல."

"ராத்திரி நிறையத் தண்ணி குடிப்பாரா? ஆளு மெலிஞ்சிருக்காரா?"

பிரேமலதாவின் முகம் மாறியது. "செம்பு செம்பாக் குடிப்பாவ. சட்டை எல்லாம் தொளதொளன்னு ஆயிட்டு. வயசாகுதுன்னு நெனச்சேன்... ஏன்க்கா கேக்கீய?"

"அவரு ரூமைப் பாக்கலாமா?"

தில்லைநாயகத்தின் அறையில் எல்லாம் ஆபீஸ் ஒழுங்கில் இருந்தது. ஆஷிக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டு ஒரு அட்டைப் பெட்டியை இழுத்தான். உள்ளே பாதி காலியான ஒரு பாட்டில். மேலே ஒரு நாய்க்குட்டியின் படம். செல்லப்பிராணிகளின் மூத்திரக் கறையையும் நாற்றத்தையும் நீக்கும் திரவம் என்று எழுதியிருந்தது.

"பாவம், அவரும் நாய்க்காகப் போராடியிருக்காரு" என்றான்.

சண்முகசுந்தரி பெட்டியைத் திருப்பி, கூரியர்காரன் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள். மே மாதம். பிறகு பிரேமலதாவிடம் திரும்பி, "நாய் எப்ப இந்த வீட்டுக்கு வந்துச்சு?" என்று கேட்டாள்.

"ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்துல வழி தப்பி நின்னுச்சுன்னு மாமாதான் கூட்டிட்டு வந்தாவ. எனக்கே ஆச்சரியம். அதுவரைக்கும் நாய்னா தெருவுலயே விரட்டுவாவ."

சண்முகசுந்தரி பெட்டியை ஆஷிக்கின் கையில் கொடுத்தாள். "இவங்ககிட்ட நம்பரை வாங்கி சுடலைராஜுக்குப் போன் போடு. நாய் விசயமாப் பேசணும்னு மட்டும் சொல்லு. வேற ஒரு வார்த்தை பேசாத."

ஆஷிக் ஸ்பீக்கரில் போட்டான். மறுமுனையில் ஆடுகள் கத்தின.

"அண்ணாச்சி, சங்கரன்கோவில்ல இருந்து பேசுதேன். நாய் விசயமா..."

"எந்தப் பெரியவரும் இங்கன வரல வே!" என்று சொல்லிவிட்டு சுடலைராஜ் போனை வைத்துவிட்டான்.

ஆஷிக் போனையே பார்த்துக்கொண்டு நின்றான். "நான் பெரியவரைப் பத்திக் கேக்கவே இல்லியே!"

"வா, போவோம்" என்றாள் சண்முகசுந்தரி. பிரேமலதாவிடம், "நீங்க வீட்ல இருங்க. போனைக் கையிலயே வச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். இறங்கினாள் என்பதைவிட ஓடினாள் என்பதே சரி.

ஊரைத் தாண்டியதும் ரோட்டின் இருபுறமும் கரிசல் காடு விரிந்தது. மழைக்காக உழுது போட்டிருந்த மண் பாளம் பாளமாக வெயிலில் கிடந்தது. சண்முகசுந்தரி முன்சீட்டில் தன் வீட்டுச் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டே இருந்தாள். அவள் இப்படி இருந்தால் ஆஷிக்கின் கால் தானாக ஆக்சிலரேட்டரை அழுத்தும்.

"யக்கா, விட்டுச் சொல்லுங்க. தலை வெடிக்குது."

"எறும்பு மூத்திரத்துக்கு வராதுலே. சீனிக்குத்தான் வரும். அந்தக் கறையில சீனி இருக்கு. வீட்ல தாகம் எடுத்துச் செம்பு செம்பா தண்ணி குடிக்கிறது யாரு? நாயா?"

"பெரியவரு." ஆஷிக் சட்டென்று பிரேக்கை மிதித்து, மறுபடி விட்டான். "அப்பம் கறை எல்லாம்..."

"அவருதான். டிவி பாத்துட்டே கண் அசருவாரு. முழிப்புத் தட்டும்போது அடக்க முடியாது. எந்திரிச்சு ஓடுவாரு. பாத்ரூம் வரைக்கும் தடம். ஆபீஸ்ல மடிப்புக் கலையாத வேட்டியோட இருந்த மனுசன். மருமக மொகத்துல எப்படி முழிப்பாரு? பாட்டில் வாங்கி யாருக்கும் தெரியாமத் துடைச்சிருக்காரு."

"ஆனா பாட்டில் வந்தது மே மாசம். நாய் வந்தது ஆடித்தபசுக்கு." ஆஷிக் அதைச் சொல்லி முடிக்கும்போதே அவனுக்கு விளங்கிவிட்டது. "யா அல்லா! பாட்டிலு பத்தல. அதனால நாயைக் கூட்டிட்டு வந்திருக்காரு. அவரு நாய் வளக்கல யக்கா. பழியைத் தூக்கிச் சுமக்க ஒரு ஆளை வேலைக்கு எடுத்திருக்காரு!"

"சம்பளம் சோறும் பிஸ்கட்டும். அப்புறம் அந்த ஆளு மேல பாசம் வந்துட்டு." சாவிக்கொத்து நின்றது. "வேகமாப் போலே. சுகர் எந்த அளவுல இருக்குன்னு தெரியாம ஒரு மனுசன் இந்த வெயில்ல காட்டுக்குள்ள இருக்காரு. மயங்கி விழுந்தா அங்கன பாக்க ஆள் கிடையாது."

சுடலைராஜின் காடு ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. முள்வேலிக்குள் ஆட்டுப்பட்டி, ஓரமாக ஒரு தகரக் கொட்டகை. வேனைப் பார்த்ததும் சுடலைராஜ் கம்போடு வந்தான். பின்னாலேயே ஒரு செவலை நிற நாய் குரைத்துக்கொண்டு பாய்ந்தது.

"தாசில்தார் சார், வணக்கம்" என்றான் ஆஷிக்.

நாய் வாலை ஆட்டியது. சுடலைராஜ் கம்பைக் கீழே போட்டான்.

"நான் என்ன செய்ய? நாயை எடுக்கலாம்னு விடியுமுன்ன லோடு ஆட்டோவுல வந்தேன். ரோட்லயே நாயோட நின்னு வண்டியை மறிச்சுட்டாவ. நாயை மட்டும் தரமாட்டேன், நானும் கூட வருவேன்னு ஏறிக்கிட்டாவ. யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு சுடலைமாடன் மேல சத்தியம் வாங்கிட்டாவ. காலையில இருந்து தண்ணியாக் குடிச்சுட்டு படுத்தே கெடக்காவ. எனக்கே பயமா இருக்கு."

கொட்டகைக்குள் கயிற்றுக் கட்டிலில் தில்லைநாயகம் கிடந்தார். உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது. ஆட்களைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, வேட்டியை இழுத்து மடியில் சுருட்டிக்கொண்டார். வேட்டி ஈரமாக இருந்தது.

"நாயைக் கொண்டு போக விடமாட்டேன்" என்றார். வார்த்தை குழறியது.

சண்முகசுந்தரி கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவள் அசையாமல் ஓரிடத்தில் உட்கார்ந்து ஆஷிக் பார்ப்பது அன்றைக்கு அதுதான் முதல் தடவை.

"யாரும் கொண்டு போக மாட்டாங்க ஐயா. கறையில எறும்பு மொய்க்கு. உங்களுக்கு சுகர் கூடியிருக்கு. அடக்க முடியாம வாரது அதனாலதான். மருந்து எடுத்தா பெரும்பாலும் அடங்கிரும். உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

நாய் வந்து பெரியவரின் கால்மாட்டில் படுத்துக்கொண்டது.

"பழி போடத்தான் இதைக் கூட்டிட்டு வந்தேன்" என்றார். "அவ வையும்போதெல்லாம் இது எங்கிட்ட வந்து ஒட்டிக்கிட்டு நிக்கும். ஏம்ப்பா, நான் என்ன செஞ்சேன்னு கேக்குற மாதிரி ஒரு பார்வை. தாலுகா ஆபீஸ்ல எவனோ செஞ்ச தப்புக்கு நான் மெமோ வாங்கியிருக்கேன் தாயி. அந்த வலி எனக்குத் தெரியும். தெரிஞ்சே இதுக்குச் செஞ்சேன். இப்ப இதை நாடு கடத்தவும் போறாவ. எப்படி வுட்டுட்டு இருக்க?" அவர் சண்முகசுந்தரியின் கையைப் பிடித்துக்கொண்டார். "என் மருமகட்ட மட்டும் சொல்லிராத. அவ மொகத்துல என்னால முழிக்க முடியாது."

நாளெல்லாம் பிரேமலதாவின் தயக்கத்தில் ரத்தத்தைத் தேடிக்கொண்டிருந்த ஆஷிக், இப்போது அவளுக்கு என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தான். அதற்குள் சண்முகசுந்தரியின் போன் அடித்தது. பிரேமலதா. சண்முகசுந்தரி ஒரு கணம் யோசித்து, ஸ்பீக்கரைப் போட்டாள்.

"கிடைச்சுட்டாரும்மா. குருவிகுளத்துலதான் இருக்காரு. நாயும் இருக்கு. நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாரோம்."

மறுமுனையில் ஒரு அழுகை வெடித்து, அடங்கியது. பிறகு பிரேமலதா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"யக்கா, மாமாவுக்கு மாத்து வேட்டி எத்தனை எடுத்துட்டு வரட்டும்?"

சுடலைராஜ் தலையைக் குனிந்துகொண்டான். அவள் மறைத்தது இதைத்தான் என்று ஆஷிக்குக்கு அப்போதுதான் உறைத்தது.

பெரியவர் கையை நீட்டிப் போனை வாங்கினார்.

"எப்ப இருந்தும்மா தெரியும்?"

"மாமா!" குரல் திகைத்தது. பிறகு தணிந்தது. "மொத நாளே தெரியும் மாமா. உங்க வேட்டியைத் துவைக்கிறது நான்தான."

"அப்புறம் ஏன் நாயை வைஞ்ச?"

"நீங்க நாய்னு சொன்னீய. நானும் நாய்னு சொன்னேன். உங்களைக் குறுக வைக்கக் கூடாதுன்னு நெனச்சேன். இவரு நாயை அனுப்புன்னு நின்னப்ப, எப்படித் தடுக்கன்னு தெரியல. நிசத்தைச் சொன்னா உங்களுக்கு அவமானம். சொல்லாட்டி நாய் போயிரும். அதுல மாட்டிக்கிட்டு நின்னேன். நீங்க இப்படி வெளிய போவீயன்னு கனவுலகூட நெனைக்கல மாமா."

பெரியவரின் வாய் கோணியது. சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"அந்தக் கம்பளத்தைச் சுருட்டி வாசல்ல போட்டுட்டேன்" என்றாள் அவள். "இவர்ட்டயும் சொல்லிட்டேன், மஸ்கட் கம்பளம் மஸ்கட்லயே இருக்கட்டும்னு. இனி வெறுந்தரைதான் மாமா. துணியை நனச்சு ஒரு இழுப்பு இழுத்தாப் போயிரும். நீங்க வாங்க."

சுடலைராஜும் ஆஷிக்கும் பெரியவரை ஆளுக்கொரு கையாகத் தாங்கி வேனுக்குக் கூட்டி வந்தார்கள். வெயில் மங்கி, மேற்கே எங்கோ மழை இறங்கிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்ததும் நாய் முதலில் தாவி உள்ளே ஏறியது. பெரியவர் ஏறவில்லை. சீட்டையும் தன் ஈர வேட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் கீழ, தரையில உக்காந்துக்கிடுதேன் தம்பி. சீட்டு பாழாயிரும்."

ஆஷிக் அவர் இடுப்பில் கையைக் கொடுத்துத் தூக்கி, சீட்டிலேயே உட்கார வைத்தான்.

"சும்மா உக்காருங்க அண்ணாச்சி. என் ரெண்டு வயசு மவன் தினமும் இந்த சீட்டுலதான் வாரான். அவன் பண்ணாததையா நீங்க புதுசாப் பண்ணிரப் போறீய?"

தில்லைநாயகம் அவனை ஏறிட்டுப் பார்த்தார். வெடித்த உதட்டோடு, வலிக்க வலிக்க, சிரித்தார். ஆஷிக் கதவைச் சாத்திவிட்டு ஓடிப்போய் வண்டியைக் கிளப்பினான்.